அப்பா கொட்டில் பக்கம் போறதை விட்டிட்டார். இரண்டாவது கோடைக்கு ஆடா, தோட்டமா?

வடலி, மார்ச் 9

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆடும் தோட்டமும் இந்தக் கனடாக் குளிரில் செய்து பார்த்த ஆக்களிட்டைத்தான் கேட்கிறேன்.

ஒன்றரை வருசத்துக்கு முதல் ஸ்காபரோ வீட்டை வித்துப்போட்டு லின்ட்சேக்கு வடக்கே 25 ஏக்கர் காணி வாங்கினோம். பழைய செங்கல் வீடு, பலகை அடித்த பெரிய கொட்டில், ஒரு குழாய்க்கிணறு. பாதிக் காணி புல்தறை, மிச்சம் பற்றையும் பொப்லர் மரமும். நான், இவர், மூன்று பிள்ளையள், அப்பா. இவருக்கு இன்னமும் மார்க்கம் நகரில்தான் வேலை. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வருவார். அதனால் காணி வேலை என்றால் நானும் அப்பாவும்தான்.

காணி வாங்கினதே அப்பாவுக்காகத்தான். அவர் நீர்வேலிச் செம்மண்ணில் வாழையும் மரவள்ளியும் வைத்த மனுசன். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்த இரவு, இறைப்பு மெசினைக் கிணற்றடியிலேயே விட்டிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு வட்டக்கச்சியில் இரணைமடுத் தண்ணியை நம்பி இன்னொரு தோட்டம், முப்பது ஆட்டோடு ஒரு பட்டி. அதுவும் 2008 கடைசியில் போயிட்டுது. செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியில் வந்து, 2012-இல் நான் இங்கே எடுத்தபோது அம்மா இல்லை. பதினொரு வருசம் ஒன்பதாம் மாடியில் இருந்தார். பல்கனியில் பெயின்ற் வாளிகளில் மிளகாய், கறிவேப்பிலை. முதல் தரம் நான் கடையில் இருந்து மண் பை வாங்கிக் கொடுத்தபோது ஒரு பிடி அள்ளி விரலுக்குள் உருட்டிப் பார்த்தார். உருளவில்லை. “இது மண்ணில்லைப் பிள்ளை, உமி மாதிரிக் கிடக்கு” என்றார். அண்டைக்குத்தான் எனக்குக் காணி வாங்கிற எண்ணம் வந்தது.

இனிப் போன கோடை. மே முதல் கிழமை மூன்று நாள் தொடர்ந்து நல்ல வெயில். அப்பா யன்னல் கரையில் வைத்து வளர்த்த முந்நூறு கத்தரிக் கன்றையும் இரண்டு நாளில் நட்டு முடித்தார். பக்கத்துக் காணி வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கரையில் வாகனத்தை நிப்பாட்டி ஏதோ சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு விளங்கவில்லை, நான் பிள்ளையளின் பஸ்ஸுக்குப் போயிருந்தேன். பிறகுதான் தெரியும், 24-ஆம் திகதி லோங் வீக்கெண்டுக்கு முதல் ஒன்றும் நடாதே என்று சொல்ல வந்திருக்கிறார். பதினெட்டாம் திகதி இரவு உறைபனி. விடிய நான் வெளியில் வர, அப்பா பாத்திக்குள் குந்தியிருந்தார். கன்றெல்லாம் அவித்த கீரை மாதிரிக் கறுத்துப்போய்த் தண்டோடு ஒட்டிக்கிடந்தது. அவர் ஒவ்வொரு இலையாக விரலால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு இருந்தார், திரும்ப நிமிரும் என்ற மாதிரி.

கன்று போனால் போகட்டும், ஜூனில் வாங்கி நட்டோம், ஓகஸ்ட்டில் கொஞ்சம் காய்ச்சது. அதைத் தாங்கினார். ஆட்டைத்தான் தாங்கவில்லை.

மே மாதம் ஏலத்தில் பதினாறு மறி ஆடு வாங்கினோம். ஓடைக்கரையில் இடுப்பளவு புல். “இப்பிடி ஒரு புல்லை வன்னியில கனவிலயும் காணேல்லை” என்று சொல்லி அங்கேயே அவிழ்த்து விட்டார். ஜூலை கடைசியில் ஒன்று பட்டியில் பின்தங்கத் தொடங்கியது. தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். தொட்டால் மெதுமெது என்று இருந்தது. பின்னேரம் வீங்கும், விடிய வத்தியிருக்கும். பூச்சி ஏதும் கடித்திருக்கும் என்று அப்பா மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டார். விடிய வத்தினதைப் பார்த்து மாறுது என்று நம்பினார். கழிச்சல் இல்லை, தீனும் தின்றது. ஐந்தாம் நாள் செத்துக் கிடந்தது. ஓகஸ்ட் முடிய ஏழு. ஐந்தாவதுக்குத்தான் மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன், அது என் பிழை. வயிற்றுப்புழு என்று சொல்லி மருந்து தந்தா. அதன் பிறகும் இரண்டு போயிட்டுது. ஒன்பது மிச்சம். கார்த்திகையில் கிடாய் விட்டது, ஏப்ரல் கடைசியில் ஈனும்.

ஏழாவது ஆட்டைத் தாட்ட பிறகு அப்பா கொட்டிலுக்குப் போகவில்லை. மாரி முழுக்க நான்தான் வைக்கலும் தண்ணியும். அவரின் பூட்ஸ் வாசலில் காய்ந்துபோய்க் கிடக்கு. சாப்பிடுவார், பேரப்பிள்ளையளோடு நாலு சொல்லுக் கதைப்பார், பிறகு யன்னல். போன கிழமை, கேட்காமலே சொன்னார்: “எனக்கு இந்த நாட்டு ஆடு வளக்கத் தெரியாது பிள்ளை. வித்துப்போடு.” எங்கட ஊரில் ஆரின் ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தாலும் சாமத்தில் வந்து கூட்டிக்கொண்டு போறது இந்த மனுசனைத்தான்.

என் கேள்வி இதுதான். என்னால் தனிய ஒன்றைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். ஒன்பதையும் வித்துப்போட்டு மரக்கறியில் இறங்கிறதா, ஆட்டை வைத்துக்கொண்டு தோட்டத்தைக் குறைக்கிறதா? இரண்டாவது, ஸ்காபரோவில் இருந்து ஆக்கள் போன் எடுத்து “வீட்டை வந்து ஆடு வெட்டிக்கொண்டு போகலாமோ” என்று கேட்கினம். அது சரியோ? மூன்றாவதை எப்படிக் கேட்கிறதென்று தெரியவில்லை. 74 வயது மனுசனுக்கு, அவருக்குத் தெரிந்த வேலை ஏதாவது இந்த மண்ணில் இருக்கோ?


பட்டிக்காரன், மார்ச் 9

தங்கச்சி, ஆட்டை விக்காதை. நான் பீற்றர்பரோப் பக்கம் பன்னிரண்டு வருசமா ஆடு வைச்சிருக்கிறன். முதல் வருசம் எனக்கும் பதினொண்டு செத்தது. நீ எழுதினதை வாசிக்க வாசிக்க அந்தப் பட்டியே கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது.

தாடைக்குக் கீழ வீக்கம், கழிச்சல் இல்லை, தீன் தின்னுது, பிறகு சாகுது. இது பார்பர் போல் புழு. ஆட்டு வயிற்றின்ரை நாலாவது அறைக்குள்ள இருந்து இரத்தம் குடிக்கிறது. பெண் புழுவின்ரை உடம்பில இரத்தக் குடலும் வெள்ளைச் சூலகமும் பின்னிக்கொண்டு, முடிவெட்டிற கடைக் கம்பம் மாதிரிச் சிவப்பு வெள்ளைக் கோடு தெரியும், அதாலதான் அந்தப் பேர். ஒரு புழு ஒரு நாளைக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல போடும். இரத்தம் குறையக் குறைய உடம்பில் நீர் இறங்கித் தாடைக்குக் கீழ நிக்கும். நாள் முழுக்கத் தலையைக் குனிஞ்சு மேய்ஞ்சால் பின்னேரம் வீக்கம் கூடும், இரவு தலையை நிமித்திப் படுத்தால் விடிய வத்தும். ஐயா கண்டது சரியாத்தான் கண்டிருக்கிறார். அந்த வத்தல் எல்லாரையும் ஏமாத்தும், என்னையும் ஏமாத்தினது.

இனி முக்கியமான சங்கதி. அந்தப் புழுக்குஞ்சு புழுக்கையில இருந்து வெளிக்கிட்டு ஈரப் புல்லில ஏறி நிக்கும். கூட ஏறாது, பெரும்பாலும் நிலத்தில இருந்து நாலு விரல், ஐஞ்சு விரல் உயரந்தான். இடுப்பளவு புல் எண்டாலும் ஓடைக்கரையில ஈரத்தில ஆடு திரும்பத் திரும்ப அடிவரைக்கும் கடிச்சு மேய்ஞ்சால் புழுவைத்தான் தின்னுது. ஆடு உண்மையில புல்லுத் தின்னிற சாதி இல்லை, தலையை நிமித்திக் குழை தின்னிற சாதி.

இப்ப ஐயாவைக் கேள், ஊரில அவர் ஆட்டுக்கு என்ன போட்டவர் எண்டு. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பலாவிலை. கட்டாக் கட்டிக் கொட்டில் வளையில தொங்கவிட்டிருப்பார். நிலத்தில போடமாட்டார். அதுதான் தங்கச்சி இந்தப் புழுவுக்கு முதல் வேலி! உன்ரை காணியில பாதி பற்றை எண்டு எழுதியிருக்கிறாய். பொப்லர், வில்லோ, காட்டு முந்திரிகைக்கொடி, பக்தோர்ன் எல்லாத்தையும் என்ரை ஆடு தின்னுது. அந்தப் பக்தோர்னை இங்க எல்லாரும் அழிக்கப் படாதபாடு படுகினம்.

ஒண்டு மட்டும் கவனம். காட்டுச் செரி மரம், கறுப்புச் செரியும் சோக்செரியும். அதின்ரை இலை வாடினால் நஞ்சு, நிமிசக் கணக்கில கொல்லும். ஐயாவுக்கு “வாடின மரவள்ளி இலை மாதிரி” எண்டு சொல்லு, வேறை விளக்கம் தேவையில்லை. உள்ளுக்கை நிக்கிற நஞ்சும் அதேதான்.

மருந்தை எல்லாத்துக்கும் ஒரேயடியாக் குடுக்காதை. புழு மருந்துக்குப் பழகிப்போயிடும், உனக்குக் கடைசி இரண்டும் செத்தது அதாலயும் இருக்கலாம். கீழ்க்கண் இமையை இழுத்து உள்நிறத்தைப் பார்க்கிற ஃபமாச்சா அட்டை இருக்கு, தென்னாபிரிக்காவில உண்டாக்கினது. ஒண்டு எண்டால் நல்ல சிவப்பு, ஐஞ்சு எண்டால் கடதாசி வெள்ளை. நாலும் ஐஞ்சும் உடனே மருந்து. கோடையில இரண்டு கிழமைக்கு ஒருக்காப் பார். குட்டி ஈனிற நேரத்தில தாயின்ரை புழு திடீரெண்டு பெருகும், அப்ப கட்டாயம் பார். வைத்தியரைக் கூப்பிட்டு அட்டை பார்க்கப் பழகு, புழுக்கை சோதிச்சு முட்டையை எண்ணச் சொல்லு. செலீனியம் எண்ட தாதுச்சத்துப் பற்றியும் கேள், ஒன்ராறியோ மண்ணில அது குறைவு, குட்டியள் காலூன்றேலாமல் கிடக்கிறது அதாலயும் வரும். செம்மறிக்கு விக்கிற தாது உப்பை வெள்ளாட்டுக்கு வைக்காதை, அதில செம்பு இல்லை.

புல்லில மேய்க்கிறதெண்டால் துண்டு துண்டா அடைச்சு, நாலு நாளுக்கு மேல ஒரு துண்டில நிக்க விடாதை. மேய்ஞ்ச துண்டுக்கு இரண்டு மாசம் திரும்பிப் போகாதை.

வீட்டை வந்து வெட்டிறது பற்றி. கூடாது. உயிரோட விக்கலாம், அதுக்குத் தடையில்லை. இறைச்சியா விக்கிறதெண்டால் லைசென்ஸ் உள்ள அபட்டுவாரில (ஆடு மாடு வெட்டிற கூடத்தில) வெட்டிச் சோதிச்சிருக்க வேணும். உன்ரை வீட்டுச் சாப்பாட்டுக்கு உன்ரை ஆட்டை நீ வெட்டலாம், அவ்வளவுதான். வாறவைக்கு முற்றத்தை விட்டால் பிடிபடுறது நீ. சொந்தக்காரர் கோவிப்பினம், கோவிக்கட்டும்.


மருதநிலம், மார்ச் 10

வணக்கம் அக்கா. நான் தஞ்சாவூர்ப் பக்கம், இப்போ பிராண்ட்ஃபோர்டு கிட்ட எட்டு ஏக்கர் எடுத்து நம்ம காய்கறி போடுறேன், ஏழாவது வருஷம். தோட்டத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

உங்க அப்பா கன்னு வளர்த்தது சரி, நட்ட தேதிதான் தப்பு. பகல் வெயிலைப் பாத்து நடக்கூடாது. ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ இறங்கிட்டிருக்கிற வரைக்கும் கத்தரி வளராது, சும்மா நிக்கும். நான் ஜூன் முதல் வாரத்துக்கு முன்னால எதையும் நடுறதில்ல. விதையை மார்ச் கடைசியில போடுங்க, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. நடுறதுக்குப் பத்து நாள் முன்னால இருந்து கன்னை வெளியில வெச்சு காத்துக்கும் வெயிலுக்கும் பழக்குங்க, முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கூட்டிக்கிட்டே போங்க. பாத்தி மேல கறுப்பு பிளாஸ்டிக் விரிச்சா மண் சூடு பிடிக்கும். மேல வளையம் குத்தி மெல்லிசு வெள்ளைத் துணி போட்டீங்கன்னா காத்தும் வண்டும் உள்ள வராது. கத்தரிக்கு இங்க பெரிய எதிரி உருளைக்கிழங்கு வண்டு, மஞ்சள் கோடு போட்டது. இலைக்கு அடியில ஆரஞ்சு நிறத்துல கொத்துக் கொத்தா முட்டை இருக்கும். காலையில போய் நசுக்குறது பிள்ளைங்களுக்குக் குடுக்கலாம்.

பந்தல் போட்டு அவரையோ சிறகவரையோ வெச்சு ஏமாந்துடாதீங்க. நான் ரெண்டு வருஷம் ஏமாந்தேன். கொடி கொட்டகை கூரை வரைக்கும் ஏறிச்சு, பூவே இல்ல. அதுக்குப் பகல் குறுகினாத்தான் பூ வரும். நம்ம ஊர்ல பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரை மணி நேரம். இங்க ஜூன்ல பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல. செப்டம்பர்ல பகல் குறைஞ்சு பூ எடுக்கும், அதுக்குள்ள பனி வந்துடும். வெண்டைக்காய், நீளப் பயறு, பாகல், மிளகாய் நல்லா வரும். வைன்லேண்ட் ஆராய்ச்சி நிலையத்துல வெண்டைக்கும் நீளக் கத்தரிக்கும் இந்த ஊருக்கு ஏத்த ரகம் பாத்து வெச்சிருக்காங்க, விசாரிங்க. கடையில இருக்கிற நம்ம காய்ல நிறைய டொமினிக்கன் குடியரசுல இருந்து வருது. அன்னிக்குக் காலையில பறிச்ச காய்ன்னா நம்ம ஜனங்க தேடி வந்து வாங்குவாங்க.

ஆனா முதல்ல கால் ஏக்கர் போதும். நீங்க ஒருத்தரே பாக்கணும்.

இன்னொன்னு. லின்ட்சே பக்கம் மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை. யாழ்ப்பாணமும் சுண்ணாம்புப் பாறை மேலதான்னு படிச்சிருக்கேன். உங்க அப்பாவுக்கு அந்தத் தண்ணி புதுசா இருக்காது.


ரோட்டுக்கரை, மார்ச் 10

காசுப் பக்கம் ஒருவரும் சொல்லேல்லை. கமத்தில வருமானம் 7,000 டொலர் தாண்டினால் பாம் பிஸ்னஸ் ரெஜிஸ்ட்ரேசன் நம்பர் (கமத்தைப் பதிஞ்ச இலக்கம்) எடுங்கோ. கமக்காணி எண்டு ஏற்றுக்கொண்டால் கமநிலத்துக்குச் சொத்துவரி வீட்டு வரியின்ரை கால்வாசிதான். கோழி வைக்கிற யோசினை வந்தால், முட்டைக்கோழி 99 வரை கோட்டா (உற்பத்தி உரிமை) இல்லாமல் வைக்கலாம், 100 எண்டால் கோட்டா வேணும். ஆட்டுக்குக் கோட்டாவே இல்லை. கிணற்றுத் தண்ணியை ஒருக்காச் சோதியுங்கோ. வீட்டுக் கிணறெண்டால் பொதுச் சுகாதாரப் பகுதி கிருமிச் சோதினைக்குக் காசு வாங்கிறதில்லை.


பேத்தி, மார்ச் 12

வடலி அக்கா, நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். ஆடும் தெரியாது, கனடாவும் தெரியாது. உங்கள் மூன்றாவது கேள்விக்காக எழுதுகிறேன்.

எங்கள் தாத்தாவும் அம்மம்மாவும் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977 கலவரத்தில் லயத்து வீடு எரிந்த பிறகு, நாலு பிள்ளைகளையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அதுவரைக்கும் கொழுந்து தவிர வேறு எதையும் கையால் தொட்டதில்லை. மலையில் மே மாதம் மழை பிடிக்கும். அந்தக் கணக்கில் மே மாதம் கச்சானும் பயறும் விதைத்தார்கள். வன்னியில் மழை ஒக்ரோபரில்தான். மூன்று மாதம் வானத்தைப் பார்த்திருந்தார்கள், முளைத்ததெல்லாம் கருகிவிட்டது. தாத்தா பாயில் படுத்துவிட்டார். “எனக்குத் தெரிஞ்ச வேல இங்க ஒன்னும் இல்ல” என்று சொன்னாராம். உங்கள் அப்பா சொன்னதை வாசித்தபோது எனக்கு அம்மம்மாவின் குரல்தான் கேட்டது.

அவரை எழுப்பினது ஆறுதல் சொன்ன ஆட்கள் இல்லை. மாரி வந்து பக்கத்து வயலில் வெள்ளம் நின்றபோது, அந்த வயல்காரர் வந்து, “தோட்டத்தில் கான் வெட்டின ஆளாமே, தண்ணியை இறக்கித் தர முடியுமா” என்று கேட்டார். மலைச்சரிவில் கான் வெட்டுவது தாத்தாவின் வேலை. நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். எழும்பிப் போய் இரண்டு நாளில் கான் வெட்டி அந்த வயலைக் காப்பாற்றினார். அந்த மனிதர்தான் பிறகு எங்களுக்கு எப்போது விதைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்.

பட்டிக்காரன் அண்ணா எழுதினதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள் அக்கா. “நீங்கள் செய்தது சரிதான்” என்று சொன்னால், பாவம் பார்த்துச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். உங்களால் செய்ய முடியாத ஒரு வேலையைக் கேளுங்கள்.


வடலி, ஏப்ரல் 28

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வரியில் எழுத மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பேத்தி தங்கச்சி சொன்னபடி அப்பாவுக்கு ஒன்றும் வாசித்துக் காட்டவில்லை. மார்ச் நடுவில் ஒருநாள், பொப்லர்க் கொப்புக்குக் கை எட்டவில்லை, ஏணி வைக்கப் பயமாகக் கிடக்கு என்று சொன்னேன். பொய்யில்லை, உண்மையிலேயே எட்டவில்லை. “ஏன் உனக்கு இப்பக் குழை, இலையே வரேல்லை” என்றார். மொட்டும் பட்டையும் தின்னுமாம், குனியாமல் தின்னட்டும் என்று ஒருத்தர் சொன்னவர் என்றேன். ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் பார்த்தால், பெயின்ற் உருளை பூட்டுகிற நீளத் தடியின் நுனியில் ஒரு பழைய அரிவாளைக் கம்பியால் சுற்றி இறுக்கிக்கொண்டு குசினி மேசையில் இருக்கிறார். கொக்கத்தடி! நீர்வேலி வீட்டுப் பின்வளையில் செருகியிருந்த அதே கொக்கத்தடி.

அடுத்த நாள் சறத்துக்கு மேலே குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பூட்ஸைக் கொழுவினார். நான் கூடப் போகவில்லை, யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டை நிலத்தில் போடாமல் வளையில் தொங்கவிட்டார். ஆடுகள் பின்னங்காலில் எழும்பி நின்று பட்டையை உரித்துத் தின்ற வேகத்தில் கொப்பெல்லாம் அரைமணித்தியாலத்தில் எலும்பு மாதிரி வெள்ளையாக நின்றது.

வைத்தியரைக் கூப்பிட்டோம். இமை பார்க்கிறதை அவ காட்ட அப்பா ஒரு தரம்தான் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு தன் கைவிரலைத் தானே சுவெற்றரில் துடைத்து, ஆட்டின் தலையை முழங்காலுக்குள் பிடித்து, பெருவிரலால் கீழிமையை இழுத்தார். “கோழிக்கு கொண்டை பாக்கிற மாதிரித்தானே” என்றார். ஒன்பதில் இரண்டு நாலாம் நிறம், ஒன்று மூன்றாம் நிறம். இரண்டுக்கும் மருந்து கொடுத்தோம். புழுக்கையும் அனுப்பியிருக்கு. செரி மரத்தை நான் மரவள்ளிக் கதையோடு சொன்னதும் அடுத்த நாளே காணி முழுக்க நடந்து, ஒவ்வொரு செரி மரத்திலும் சிவப்புச் சீலை கட்டிவிட்டார். இருபத்தொரு மரம்.

மருதநிலம் தம்பி, தண்ணியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கேற்றிலுக்குள் பிடிக்கிற வெள்ளைப் படிவைச் சுரண்டிக் காட்டி, “எங்கட கிணத்துத் தண்ணியும் உப்பிடித்தான்” என்று பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தார். கத்தரி இந்த முறை அறுபது கன்றுதான். ஜூன் மூன்றாம் திகதி நடுகிறதென்று கலண்டரில் அவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வேலிக்கரைக் கிழவருக்கு ஒரு தட்டு மிளகாய்க் கன்று கொடுக்க வேணுமாம்.

வீட்டை வந்து வெட்டக் கேட்டவைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் கோவித்துக்கொண்டு போனை வைத்துவிட்டினம்.

முந்தாநாள் சாமம் முதல் ஆடு ஈன்றது. சத்தம் கேட்டு நான் எழும்ப முதல் அவர் கொட்டிலுக்குள் நிக்கிறார். இரண்டு குட்டி. இரண்டாவது பின்னங்கால் முந்தி வந்தது. முழங்கைவரை சவர்க்காரம் பூசி, கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடித் திருப்பாமலே இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, ஆடு முக்கிற நேரம் பார்த்து இழுத்தார். மூக்கைத் துடைத்து ஒரு வைக்கல் தும்பால் கிண்ட, குட்டி தும்மினது. தாயின் இமையை அந்த இருட்டிலேயே ரோச் அடித்துப் பார்த்தார். “சிவப்புத்தான்” என்று சொல்லிவிட்டு குட்டியைத் தாயின் முகத்தடியில் வைத்தார்.

பட்டிக்காரன் அண்ணா, இது அப்பா உங்களிட்டைக் கேட்கச் சொன்ன கேள்வி. பொப்லர்க் குழையை ஆவணியில் இலையோடு வெட்டி, நிழலில் காயவைத்து, கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றினால் மாரி முழுக்கத் தாங்குமோ? பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க எவ்வளவு நாள் காயவேணும்? ஒன்பது ஆட்டுக்கும் குட்டிகளுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று சொன்னால், கணக்குப் பார்த்து இப்பவே மரம் குறித்து வைக்கலாம் என்கிறார்.